மதிப்பெண் தருவது மென்பொருள், முடிவெடுப்பவர் மருத்துவர்

மார்பகப் புற்றுநோயை அறிகுறிகள் தோன்றும் முன்பே கண்டறிய உதவுவது மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே பரிசோதனை. அப்படங்களை ஆராய்வதில் மருத்துவர்களுக்குத் துணைபுரியும் மென்பொருள்கள் இப்போது பயன்பாட்டிற்கு வந்துள்ளன. "என் நோயைப் பற்றி ஓர் இயந்திரம் முடிவு செய்வதா?" என்ற அச்சம் பலருக்கும் எழுவது இயல்பே. இம்மென்பொருளின் பணி எது, மருத்துவரின் பணி எது என்பதை அறிந்துகொண்டால் அந்த அச்சம் குறையும்.

பரிசோதனையில் இருவகைப் பிழைகள் நேரலாம். இருக்கும் புற்றுநோய் கண்ணில் படாமல் போவது ஒன்று. நோயில்லாதவரை ஐயத்தின் பேரில் மீண்டும் அழைத்து, தேவையற்ற கவலைக்கும் சில சமயம் திசுப் பரிசோதனைக்கும் உள்ளாக்குவது மற்றொன்று. சிறு நிழலையும் ஐயத்திற்குரியதாகக் காட்டுமாறு மென்பொருளை அமைத்தால் முதல் பிழை குறையும்; இரண்டாவது பெருகும். ஐயத்தின் எல்லையை உயர்த்தினால் இதற்கு நேர்மாறாகும். ஆகவே அந்த எல்லையை எங்கே வகுப்பது என்பதே வடிவமைப்பாளர்கள் எதிர்கொள்ளும் முதன்மையான கேள்வி.

சுவீடன் நாட்டில் 2021 ஏப்ரலில் தொடங்கிய ஓர் ஆய்வு இதற்குத் தக்க சான்று. அங்கு ஒவ்வொரு மேமோகிராமையும் கதிரியல் மருத்துவர் இருவர் பார்ப்பது வழக்கம். ஆய்வில் ஒரு பிரிவினரின் படங்களுக்கு மென்பொருள் 1 முதல் 10 வரை மதிப்பெண் அளித்தது. 10 பெற்ற படங்களை மருத்துவர் இருவரும், ஏனையவற்றை ஒருவரும் பார்த்தனர். மீண்டும் அழைப்பதா என்பதை மருத்துவர்களே முடிவு செய்தனர்.

80,033 பெண்களைப் பற்றிய முதற்கட்ட முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின. மென்பொருளின் துணையுடன் பார்த்த பிரிவில் 244 பேருக்கும், வழக்கமான முறையில் பார்த்த பிரிவில் 203 பேருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவர்கள் படம் பார்க்கும் பணிச்சுமை சுமார் 44 விழுக்காடு குறைந்தது. நோயில்லாதவர்களை மீண்டும் அழைத்த விகிதம் இரு பிரிவிலும் 1.5 விழுக்காடாகவே இருந்தது.

இத்தகைய மென்பொருள் படத்தை மட்டுமே ஆராய்கிறது. உங்கள் தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்ததையும், உங்கள் உடலில் நீங்கள் உணரும் மாற்றத்தையும் நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அறிவார். எனவே, கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளுங்கள்:

• முந்தைய மேமோகிராம் படங்களைத் தவறாமல் கொண்டு வாருங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புதிய மாற்றம் தெளிவாகும்.

• குடும்பத்தில் எவருக்கேனும் புற்றுநோய் இருந்திருந்தால், எந்த வயதில் வந்தது என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.

• மீண்டும் அழைத்தால் அது புற்றுநோய்தான் என்று கலங்க வேண்டாம். மேற்கண்ட ஆய்வில், மென்பொருள் பயன்பட்ட பிரிவில் மீண்டும் அழைக்கப்பட்டவர்கள் 861 பேர். நோய் உறுதியானது அவர்களுள் 244 பேருக்கே. ஆயினும், அழைத்த நாளில் தவறாமல் வாருங்கள்.

• "இயல்பு" என அறிக்கை வந்த பின்னரும் மார்பகத்தில் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு ஆகியவற்றுள் எதையேனும் கண்டால், அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள்.