மஹல்லாவில் அழகிய கடன் நிதி: தொடங்குவதும் நடத்துவதும்

மதீனாவாசியான ஓர் ஏழை ஸஹாபி, நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்களிடம் வந்து யாசகம் கேட்டார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் வினவினார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு விரிப்பும், தண்ணீர் குடிக்கும் ஒரு கிண்ணமும்தான் இருந்தன. அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, தாமே ஏலங்கூறி, இரண்டு திர்ஹத்திற்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்திற்கு வீட்டாருக்கு உணவு. மற்றொரு திர்ஹத்திற்குக் கோடாரி. அந்தக் கோடாரிக்குத் தம் திருக்கரத்தாலேயே கைப்பிடி பொருத்தி, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படக் கூடாதென்றும் கூறி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் சம்பவம் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

யாசகம் கூடாது என்பதற்கு இந்த ஹதீஸை நாம் அடிக்கடி எடுத்துக் கூறுகிறோம். ஆனால் இதில் வேறொரு பாடமும் இருக்கிறது. யாசகம் கூடாது என்று சொன்னதோடு நபியவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. முதலுக்கு வழி செய்தார்கள். முதலில் குடும்பத்தின் பசியைத் தீர்க்கச் செய்தார்கள். தொழிலுக்குக் கருவி தந்தார்கள். தவணை குறித்துக் கணக்கும் கேட்டார்கள்.

நாம் இதை உணர்ந்தது ஒரு தாயாரின் கேள்வியால்தான். ஒரு மஹல்லாவில் பெண்களுக்கான பயானில் வட்டியின் கொடுமையைப் பற்றிப் பேசி முடித்தோம். திரைக்குப் பின்னாலிருந்து, இடியாப்பம் விற்றுப் பிழைக்கும் ஒரு தாயார் கேட்டார்: "ஹஜ்ரத், வட்டி ஹராமுன்னு எனக்கும் தெரியும். நாளைக்கு மாவு வாங்க மூவாயிரம் வேணும். தண்டல்காரர் வாசல்ல வந்து தர்றார். நம்ம ஜமாஅத்துல யார் தருவாங்க?" நம்மிடம் அன்று பதில் இல்லை.

தண்டல் என்பது என்ன? பத்திரத்தில் 10,000 ரூபாய் என்று எழுதி, பிடித்தம் போகக் கையில் 8,500 ரூபாய் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மூன்று மாதத்திற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 1,500 ரூபாய் வட்டி! கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் கொடுமைக்காரனைத் தண்டிக்கலாம். மாவு வாங்கப் பணம் தராது. அதைத் தர வேண்டியது மஹல்லா.

சிறு தொகையால் என்ன ஆகும் என்று சிலர் நினைக்கலாம். 2001ஆம் ஆண்டு லாகூரில் டாக்டர் அம்ஜத் ஸாகிப் என்பவர் தொடங்கிய 'அகுவத்' என்னும் ஸ்தாபனத்தின் முதல் கடன், ஒரு விதவைக்குக் கொடுத்த 10,000 ரூபாய்தான். அவர் அதைக் கொண்டு தையல் தொழில் செய்து, கடனைத் திருப்பிச் செலுத்தினார். அங்கு வட்டி கிடையாது. கடன் பணம் பள்ளிவாசலில் வைத்தே வழங்கப்படுகிறது. இன்று அது இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கடன் கொடுத்த ஸ்தாபனமாக வளர்ந்து நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

நிதி திரட்டும் முறை

ஒரு மஹல்லாவில் 100 வீடுகள், வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் நன்கொடை தருவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரூபாய் சேரும். அதை மாதம் ஒருவருக்குக் கடனாகக் கொடுத்து, அடுத்த மாதத்திலிருந்து 500 ரூபாய் வீதம் பத்துத் தவணையில் வாங்கலாம். பத்து மாதத்தில் பத்துப் பேருக்குக் கடன் கிடைத்துவிடும். பதினோராவது மாதத்தில் அந்தப் பத்துப் பேரின் தவணையே 5,000 ரூபாய்! வசூலை நிறுத்திவிட்டாலும் மாதம் ஒருவருக்குக் கடன் கொடுக்கலாம். அதற்கு முன் வந்து சேர்ந்த தவணைப் பணம் 22,500 ரூபாய் கையிருப்பாக நின்று, தவணை தவறும் காலத்தில் கைகொடுக்கும்.

கவனிக்க வேண்டிய மஸ்அலாக்கள்

1. ஜகாத் பணத்தைக் கடன் நிதியில் சேர்க்கக் கூடாது. ஜகாத்தை ஏழைக்கு உரிமையாக்கிக் கொடுத்துவிட வேண்டும். திருப்பி வாங்கும் கடனாகக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. தகுதியுள்ளவருக்குத் தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கி ஜகாத்தாகச் சொந்தமாக்கிக் கொடுக்கலாம். கடன் நிதிக்கு ஸதகாவும் நன்கொடையுமே ஏற்றவை.

2. கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு அதையே ஜகாத்தாகக் கருதுவதும் செல்லாது. ஜகாத்தை அவர் கையில் கொடுத்து உரிமையாக்கிய பின், அவராக மனமுவந்து கடனை அடைத்தால் கூடும்.

3. கொடுத்ததற்கு மேல் ஒரு பைசா கூட நிபந்தனையிட்டு வாங்கக் கூடாது. அது வட்டி. நிபந்தனையின்றிக் கடனாளி தாமாக நல்லவிதமாகத் திருப்பித் தருவது சுன்னத்தான பண்பு. நோட்டு, படிவம் போன்ற உண்மையான செலவை மட்டும் வாங்கிக்கொள்ள அனுமதி உண்டு. 1986ஆம் ஆண்டு அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு சபையும் இவ்வாறே தீர்மானித்தது. செலவைத் தாண்டினால் அது ஹராமாகிவிடும்.

4. எழுதிக்கொள்ள வேண்டும். குர்ஆன் ஷரீபின் மிக நீண்ட ஆயத்து, ஸூரத்துல் பகராவின் 282ஆம் ஆயத்து, கடனை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியதே. 'நமக்குள் என்ன எழுத்து?' என்று கூறுவது பெருந்தன்மை அன்று. பின்னால் வரும் பகைக்கு விதை.

5. ஜாமீனோ அடமானமோ வாங்கலாம். நபி (ஸல்) அவர்களே தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்துத் தம் குடும்பத்திற்கு வாற்கோதுமை வாங்கினார்கள். அடகு வைத்த நகை அமானத்; அதை யாரும் அணியவோ மறு அடகு வைக்கவோ கூடாது.

6. கஷ்டப்படுபவருக்குத் தவணை கொடுப்பது அல்லாஹ்வின் கட்டளை. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது ஹதீஸ். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், நிர்வாகிகள் கடனாளியின் வீட்டுக்கும் கடைக்கும் நேரில் செல்ல வேண்டும்.

இத்தகைய நிதிகள் பல இடங்களில் ஆர்வத்துடன் தொடங்கி அவநம்பிக்கையில் முடிந்துபோகின்றன. காரணம் பெரும்பாலும் பணக்குறைவு அன்று, கணக்குக் குறைவு. முத்தவல்லியின் உறவினருக்கு முதலில், மற்றவருக்குப் பிறகு என்றால் ஒரு வருடம் கூட நிதி நிலைக்காது. வந்த வரிசைப்படி கொடுங்கள். மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் வரவையும் செலவையும் வாசியுங்கள்; வாங்கியவர் பெயரை மட்டும் வாசிக்காதீர்கள். கடன் பெற்றவரின் மானமும் நம்மிடம் அமானத்தே.

சகோதரர்களே! தாய்மார்களே! 'வட்டி ஹராம்' என்று சொல்வது நம் மீது கடமை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதி வேலையே செய்தவர்களாவோம். விறகு வெட்டச் சொன்ன நபிகள் பெருமானார் கோடாரிக்குக் கைப்பிடியும் போட்டுக் கொடுத்தார்கள் அல்லவா? உங்கள் மஹல்லாவின் அடுத்த கூட்டத்தில் அந்தத் தாயாரின் கேள்வியை எழுப்புங்கள். கூட்டம் தாமதமானால், பத்து வீடுகள் சேர்ந்தாவது ஆரம்பியுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் வீடுகளை வட்டியின் தீங்கிலிருந்து காத்து, ஹலாலான ரிஜ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.