வேண்டுதலும் நேர்த்தியும் – ஒரு சொல்விளக்கம்

எம்பெருமான் சந்நிதியில் கைகூப்பி நிற்கும் அடியார்களுள் மனதில் ஏதேனும் ஒன்றை நினையாது நிற்பவர் மிகச் சிலரே. அந்த நினைவை ஆசை என்பதா, விருப்பம் என்பதா, வேண்டுதல் என்பதா?

ஆசை வடசொல். அதற்கு நேரான தமிழ்ச்சொல் அவா. திருக்குறளில் 'அவாவறுத்தல்' என ஓர் அதிகாரமே உண்டு. வேட்கை இவற்றிலும் வலியது. தாகத்தை நீர்வேட்கை என்பர். தேர்தலில் நிற்பவரை முன்னர் அபேட்சகர் என்றனர், பின்னர் வேட்பாளர் என்றனர். இரண்டுக்கும் விரும்புபவர் என்பதே பொருள். சொல் மாறியதேயன்றி ஆசை மாறவில்லை! எனினும் விருப்பம் முழுவதும் தள்ளத்தக்கதன்று. முருகப்பெருமானின் தேவியருள் வள்ளிநாயகியை இச்சாசக்தி என்றே சைவர் போற்றுவர்.

வேண்டுதல் என்னும் சொல்லுக்கு விரும்புதல், இரந்து கேட்டல் என இரு பொருள் உண்டு. இறைவனுக்கு வேண்டுதலும் இல்லை, வேண்டாமையும் இல்லை என்று வள்ளுவர் கூறுமிடத்தில் அது விருப்பைக் குறிக்கும். கோயிலில் நாம் செய்வது கேட்டல். யாழ்ப்பாணத்துப் பேச்சில் மூன்றாவது பொருளும் உண்டு. "கடையிலை சீனி வேண்டிக்கொண்டு வா" என்றால் விலைகொடுத்து வாங்குதல். இப்பொருள் கடையோடு நிற்பதே நன்று. "இதைத் தா, அதைச் செய்கிறேன்" என்று சந்நிதியிலும் விலைபேசுவோர் உளர்.

இவ்விடத்திலேதான் நேர்த்திக்கடன் என்ற சொல்லும் பிழையாக விளங்கப்படுகிறது. நேர்தல் என்பது உடன்படுதல், வாக்களித்தல். கடன் என்பது இங்கு வட்டியோடு இறுக்கும் கடனன்று, கடமை. அப்பர் சுவாமிகள் தேவாரத்தில் தம் கடன் என்று கூறுவதும் கடமையையே.

1995ஆம் ஆண்டு வலிகாமத்து இடப்பெயர்வின்போது, பிள்ளைகள் உயிரோடு ஊர் திரும்பினால் அடியழிப்பதாக நேர்ந்த தாய்மார் உண்டு. அவர்களுள் சிலருக்கு இன்று எழுந்து நடக்கவும் இயலாது. "கடன் கிடக்குது, அவன் கோவிப்பான்" என்று இரவில் உறக்கமின்றிக் கலங்குகின்றனர். விருப்பு வெறுப்பு அற்றவன் கணக்குக் கொப்பியோடு காத்திருப்பானா? இயலாத தாய்க்காக மகனோ மகளோ வீதிவலம் வந்து, தாயின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்விப்பது நம்மிடையே வழக்கில் உள்ளதே. பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் அயலவர் ஒருவர் செய்யலாம்.