சர்க்கரைப் பூனைக்கு ஏன் இத்தனை பசி?

சென்ற இதழில் பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களால் இந்த மாதம் நாய்களுக்கு இடமில்லை. நாய் வளர்ப்பவர்கள் மன்னிக்கவும்.

*

டாக்டரம்மா, எங்கள் மணிக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்த ஆண் பூனை. இரண்டு வாரம் முன்பு சர்க்கரை என்று சொல்லி, கிளார்ஜின் இன்சுலின் காலை ஒரு யூனிட், இரவு ஒரு யூனிட் போடச் சொன்னார்கள். தவறாமல் போடுகிறோம். ஆனால் பசி அடங்கவில்லை. தட்டை நக்கி முடித்த கையோடு மறுபடி கத்துகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து முகத்தில் அடித்து எழுப்புகிறது. சாப்பாட்டைக் கூட்டவா, இன்சுலினைக் கூட்டவா?
— வாசகி, மதுரை

சாப்பாட்டைக் கூட்டலாம். இன்சுலினை நீங்களாகக் கூட்டக் கூடாது.

மணிக்கு வந்திருப்பது பேராசை இல்லை, உண்மையான பட்டினி. ரத்தத்தில் சர்க்கரை நிறையவே ஓடுகிறது. இன்சுலின் போதாததால் அது செல்களுக்குள் போகவில்லை. ‘வயிறு நிறைந்தது, போதும்’ என்று சொல்ல வேண்டிய மூளைப் பகுதிக்கும் அதே பஞ்சம்தான். மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் போகிறது. உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவு செய்கிறது. முதுகுத்தண்டைத் தடவிப் பாருங்கள், முள் முள்ளாகத் தட்டுப்பட்டால் நான் சொல்வது புரியும்.

ஒரு யூனிட் என்பது ஆரம்ப அளவு. அதிலிருந்து அரை யூனிட் அரை யூனிட்டாக, நடுவில் ஒரு வாரமாவது விட்டு, சர்க்கரையை அளந்து பார்த்துத்தான் ஏற்றுவோம். சரியான அளவைப் பிடிக்கும்வரை பசி இருக்கத்தான் செய்யும். பிடித்த பிறகு தண்ணீர் குடிப்பதும் சிறுநீரும் குறையும், பசியும் தானாக இறங்கும்.

அதற்குள் கத்தலைக் கேட்டு ஊசியை ஏற்றிவிடாதீர்கள். சர்க்கரை ஏறினாலும் பூனைக்குப் பசிக்கும், மருந்து அதிகமாகிச் சர்க்கரை தடாலென்று இறங்கினாலும் பசிக்கும். இரண்டுக்கும் ஒரே கத்தல். எது என்று காதோரத்தில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம்தான் சொல்லும். முதல் நாள் உங்கள் கைதான் நடுங்கும். பூனை பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

மணி மெலிந்திருந்தால் இப்போது அளவு பார்க்காதீர்கள். எடை தேறும்வரை நாளுக்கு நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கிளார்ஜின் மெதுவாக வேலை செய்கிற இன்சுலின், எல்லாச் சாப்பாட்டையும் ஊசி நேரத்திலேயே கொட்ட வேண்டியதில்லை. கூடுதலாகக் கொடுப்பது கறியாக இருக்கட்டும்: உப்பு, மஞ்சள், முக்கியமாக வெங்காயம், பூண்டு எதுவும் சேராத வேகவைத்த கோழி. குழம்பில் கிடந்ததைக் கழுவிப் போடுகிற வேலை வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

இரண்டு மணி விவகாரத்துக்கு ஒரு வழி: கடைசி வேளையை நீங்கள் படுக்கப் போகும்போது வையுங்கள். அடி வாங்கியதும் எழுந்து போய்க் கொடுத்தீர்களானால், சர்க்கரை சரியான பிறகும் அடி தொடரும்.

*

பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி கொடுக்கலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

கொடுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் கைக்கு மருந்து போட மனித டாக்டரிடம் போகலாம்.

*

எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். பூனை பத்து வருஷமாகப் பால் சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்டு வளர்ந்தது. சர்க்கரை என்று தெரிந்ததும் அரிசியை அடியோடு நிறுத்திவிட்டோம். அப்பாவுக்கும் சர்க்கரை இருப்பதால் அவருக்குச் செய்கிற கேழ்வரகுக் கூழ், ஓட்ஸ், கோதுமை ரவை எல்லாவற்றையும் பாலில் கலந்து இதற்கும் தருகிறோம். ஆனாலும் சர்க்கரை 400-க்குக் கீழே இறங்கவில்லை. பசியும் தீரவில்லை.
— வாசகி, ஸ்ரீரங்கம்

எப்படி அம்மா இறங்கும்?

இந்தக் கடிதத்தை எழுதியது நீங்கள் ஒருவர்தான், ஆனால் வாரா வாரம் என் எதிரில் உட்கார்ந்து இதையே சொல்கிறவர்கள் பலர். நம் ஊரில் வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி உண்டு. அதனால் எல்லோருமே பாதி டாக்டர்கள். பூனைக்கு நோய் வந்ததும் அப்பாவின் பத்தியம், அப்பாவின் மாத்திரை, அப்பாவின் மீட்டர் எல்லாம் பூனைக்கு வந்துவிடுகின்றன. கேழ்வரகு அப்பாவுக்கு நல்லது, நார்ச்சத்து உண்டு, மெதுவாகச் செரிக்கும் என்பதெல்லாம் சரி. பூனைக்கு அதுவும் மாவு, அரிசியும் மாவு.

பூனை கறி மட்டும் தின்று வாழப் பிறந்த பிராணி. அதன் எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி இல்லை. சாப்பிட்டதும் ரத்தத்தில் குவியும் சர்க்கரையைச் சட்டென்று வாரிக்கொள்ள நம் கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. பூனையின் கல்லீரலில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இனிப்பின் சுவைகூட அதற்குத் தெரியாது, அதை உணர வேண்டிய மரபணு பழுதாகிப்போனது. கறியில் இருக்கும் புரதத்திலிருந்தே தனக்கு வேண்டிய சர்க்கரையை அதன் உடம்பு இரவும் பகலும் தயாரித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட உடம்புக்குள் பத்து வருஷம் பால் சாதத்தை அனுப்பி, இப்போது கூழுக்கு மாற்றியிருக்கிறீர்கள். பாலிலும் சர்க்கரை உண்டு, லாக்டோஸ். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது பேதியாகும். பூனை பாலைத் தேடுவது கொழுப்புக்காக.

புரதம் கிடைக்காத பூனை எவ்வளவு தின்றாலும் பசியோடுதான் இருக்கும். நீங்கள் பார்ப்பது அந்தப் பசியும்தான், சர்க்கரைப் பசி மட்டுமல்ல.

சைவத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் சனிக்கிழமை கறி சாப்பிடுவதில்லை. ஆனால் பூனை சைவமாக முடியாது. டாரின் என்று ஒரு சத்து, இறைச்சியிலும் மீனிலும்தான் போதிய அளவு இருக்கிறது. அது குறைந்தால் கண் கெடும், இதயம் வீங்கித் தளரும். இதயத் தொடர்பை 1987-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் நிரூபித்த பிறகுதான் கம்பெனிகள் பூனை உணவில் டாரினைக் கூட்டிச் சேர்த்தன. வைட்டமின் ஏ-யும் அப்படித்தான்: கேரட்டிலிருந்து நாம் செய்துகொள்வோம், பூனையால் ஆகாது.

சமையலறைக்குள் கறி வர வேண்டாம். பவுச்சில் வரும் ஈரமான பூனை உணவு வாங்குங்கள். தனிக் கத்தரிக்கோல், தனித் தட்டு, பின்கட்டில் ஓர் இடம். வீட்டுப் பெரியவர்கள் முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், எலியைப் பிடித்துக்கொண்டு வந்து கூடத்தில் போட்டபோது சுளித்ததைவிட அதிகமாக இருக்காது. வீட்டிலேயே கோழி வேகவைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெறும் கோழிக்கறியில் கால்சியம் போதாது. அதை மேல்தீனியாக வையுங்கள், முழுச் சாப்பாடாக வேண்டாம்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். நாளைக் காலை உற்சாகமாக எழுந்து கூழை நிறுத்திக் கறி உணவுக்கு மாற்றிவிட்டு, ஊசியை மட்டும் பழைய அளவிலேயே போட்டுவிடாதீர்கள். மாவு நின்றதும் சர்க்கரை வேகமாக இறங்கும். பழைய டோஸ் அன்றைக்கு அதிக டோஸாகிவிடும். உங்கள் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள், டோஸை அவர் குறைத்துத் தருவார், சில நாளில் படிப்படியாக உணவை மாற்றுங்கள், அந்த நாள்களில் தினமும் சர்க்கரையை அளந்து பாருங்கள். சரியான உணவும் இன்சுலினும் ஆரம்பத்திலேயே கூடிவந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு, சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போகிறது. அப்பாவுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காத சலுகை அது.

*

கிளார்ஜின் அதே ஒரு யூனிட்தான் போடுகிறேன். மூன்று நாளாக ஊசி போட்ட சில மணி நேரத்தில் பூனை தள்ளாடுகிறது, வெறித்துப் பார்க்கிறது, வெறி பிடித்தது போல் தின்கிறது. மருந்து அதேதான். சிரிஞ்சு மட்டும் தீர்ந்துவிட்டதால் பக்கத்து மெடிக்கலில் வாங்கினேன்.
— வாசகர், கோவை

சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள். சிவப்பா?

உங்கள் கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. நம் ஊர் மெடிக்கல்களில் 40 யூனிட் இன்சுலினும் விற்கிறார்கள், அதற்குச் சிவப்பு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு வரை கிளார்ஜினை இழுத்தால், பூனைக்குள் போவது இரண்டரை யூனிட். ‘இன்சுலின் சிரிஞ்சு குடுங்க’ என்று மொட்டையாகக் கேட்டால், கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள். புட்டியைக் கொண்டுபோய்க் காட்டி, எண்ணைப் படித்து வாங்குங்கள். இதில் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, மருந்து போடுவது நீங்கள்.

தள்ளாடும்போது செய்ய வேண்டியது: பூனை விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு. சாப்பிடாவிட்டாலோ மயக்கத்தில் இருந்தாலோ, தேனையோ கெட்டியான சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரல் வைக்க வேண்டாம், கடித்துவிடும். உதட்டோரமாகத் தடவினால் போதும். தெளிந்ததும் வீட்டிலேயே இருந்துவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தேன் தரும் தெளிவு கொஞ்ச நேரம்தான், உள்ளே போன கிளார்ஜின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். அடுத்த ஊசியை மருத்துவர் சொன்ன பிறகு போடுங்கள்.

மூன்று நாள் பொறுத்திருந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கடிதத்துக்கு ஆசிரியர் குழு அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டது. பூனை நலம். மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே அச்சிடுகிறோம்.

*

அப்பா சாப்பிடும் மெட்ஃபார்மினில் கால் மாத்திரை?
— வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். பூனைகளிடம் அது பலிக்கவில்லை. பூனைக்கென்றே மாத்திரையும் திரவமுமாக இரண்டு புது மருந்துகளுக்கு 2022-லும் 2023-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போடும் பூனைக்கு அவை கூடாது.

*

மருத்துவமனையில் பார்த்தால் 380, வீட்டில் பார்த்தால் 210. எது பொய்?
— வாசகி, புதுச்சேரி

இரண்டும் உண்மைதான். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கிற அறையில் உட்காரவைத்தால் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும். நோயே இல்லாத பூனைக்கும் ஏறும். அதனால்தான் ஒரே ஒரு எண்ணை வைத்து நோயை உறுதி செய்யாமல், முந்தைய இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும் கேட்கிறோம். வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தைப் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். எந்த மீட்டர் என்பதையும் எழுதுங்கள், ஒரே மீட்டரிலேயே பாருங்கள்.

*

மிகவும் நன்றி டாக்டர்! ஒரு மாதமாக உயிரை வாங்கிய பசி நேற்றோடு அடங்கிவிட்டது. இரண்டு நாளாகத் தட்டைத் தொடவே இல்லை, ஒரே மூலையில் அமைதியாகப் படுத்திருக்கிறது. இன்சுலின் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.
— வாசகர், சேலம்

நன்றியெல்லாம் பிறகு. பூனையைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்புங்கள்.

சர்க்கரை கட்டுப்பட்ட பூனை அளவாகச் சாப்பிடும். சாப்பிடாமல் மூலையில் கிடக்காது. வாந்தி, மூச்சில் ஒருவித இனிப்பு வாடை, சோர்வு இவை சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறியிருக்கலாம். அது உயிர் போகிற விஷயம். குண்டுப் பூனையாக இருந்தால் பட்டினியில் கல்லீரலிலும் கொழுப்பு அடையும். (இவருக்கும் தொலைபேசியில் சொல்லியாயிற்று. என் எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறார், அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.)

பூனை குண்டு என்பதற்காகச் சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக வெட்டுகிறவர்களும் இதைப் படியுங்கள். எடையை மாதக் கணக்கில் இறக்க வேண்டும்.

*

தோல் அரிப்புக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுவந்தோம். அதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகி, நாகர்கோவில்

நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி என்றால், நிறையவே. சீட்டைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதை நிறுத்தி வேறு வழியில் அரிப்பைக் கவனித்தால் சர்க்கரையே விலகக்கூடும்.

*

ஆறு மாதத்தில் ஊசி ஒரு யூனிட்டிலிருந்து எட்டு யூனிட் ஆகிவிட்டது. சர்க்கரை இறங்கவில்லை, பசி பயங்கரம். ஆனால் பூனை மெலியவில்லை, எடை ஏறுகிறது. முகம்கூட அகன்றது போல் தெரிகிறது.
— வாசகர், சென்னை

நல்ல கண் உங்களுக்கு. கட்டுப்படாத சர்க்கரையோடு எடையும் ஏறுவது வழக்கத்துக்கு மாறு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மேல் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பல்லையும் சிறுநீரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சொத்தைப் பல்லும் நீர்த்தொற்றும்கூட இன்சுலினை வேலை செய்ய விடாது.

*

அடுத்த மாதம் அண்ணன் மகள் கல்யாணம். மூன்று நாள் ஊரில் இருக்க மாட்டோம். பூனையையும் அழைத்துப் போகவா?
— வாசகி, விருதுநகர்

நாதஸ்வரமும் மேளமும் கேட்டுச் சர்க்கரை 400-க்குப் போகும். வீட்டிலேயே விடுங்கள்.

எதிர்வீட்டுப் பிள்ளை யாராவது கைப் பதற்றம் இல்லாதவராகப் பார்த்து, ஒரு வாரம் முன்பே கூட இருந்து பழக்குங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். முதலில் பூனை சாப்பிட்டதா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் ஊசி. சாப்பிடாவிட்டால் பாதியா, அன்றைக்கு விட்டுவிடுவதா என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு அதில் எழுதுங்கள். ஊசி உள்ளே போனதா, ரோமத்தில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது தடவை குத்தவே கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் பூனைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு தடவை போனால் ஆகும். மருந்தை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டு போதும். தண்ணீர் போல் தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தால் போடக் கூடாது. தேன் பாட்டில் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போங்கள்.

முகூர்த்தத்தன்று தொலைபேசியை எடுக்க மாட்டீர்கள் என்பதால், மருத்துவரின் எண்ணையும் அந்தக் காகிதத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். கட்டுச்சோற்றுக் கூடையிலிருந்து அந்தப் பிள்ளைக்கு லட்டும் அதிரசமும் தாராளமாக எடுத்து வாருங்கள்.