போட்டி நிகழ்ச்சி ஏன் நம்மை இழுக்குது?

கிராஞ்சியில் ரயில் ஏறினாலே யாராவது கைப்பேசியில் 'சூப்பர் சிங்கர்' பார்ப்பாங்க. 2006-இல் தொடங்கிய நிகழ்ச்சி இன்னும் அலுக்கலையே, ஏன்? முடிவு முன்னாடியே தெரியாது. மேடையில் நம்ம வயசு ஆள் நிற்கிறார். அவர் ஜெயிச்சா நாமே ஜெயிச்ச மாதிரி.

இது புதுசில்லை. ஞானப்பழத்துக்காக முருகன் மயிலேறி உலகைச் சுற்றினார். பிள்ளையார் பெற்றோரைச் சுற்றியே வென்றார். பழம் கிடைக்காதவர் கதை அங்கே முடியலை: அவர் போய் நின்ற பழனி இன்று படைவீடு.

2015-இல் ஜூனியர் போட்டியில் இரண்டாம் இடம் வந்த கனடாத் தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா, பரிசான ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தருவதாக அறிவித்தார்.

தேர்வு, வேலை நேர்காணல்னு நமக்கும் போட்டிதான். இனி பார்க்கும்போது, ஜெயிக்காதவர் அடுத்து என்ன செய்றார்னும் கவனிங்க. பாடம் அங்கேதான்.