புது ஊரும் புதுப் பந்தும்: மஜாக் டோ

"எங்கட ஊர் புத்தளம்தானே!" முசலியில் மீளக்குடியமர்ந்த வீடுகளில் பிள்ளைகள் இப்படிச் சொல்வதைக் கேட்கலாம். 1990இல் வெளியேறிய உம்மா, வாப்பாவுக்கு இது திரும்பி வருதல். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கோ இதுதான் இடம்பெயர்வு. மஜாக் டோவின் கதையை அப்படிப்பட்ட பிள்ளையோடு சேர்ந்திருந்து வாசியுங்கள்.

மஜாக் டோ 1991இல் சூடானின் கார்ட்டூம் நகரில் பிறந்தவர். யுத்தத்தால் குடும்பம் எகிப்துக்குப் போய், அங்கிருந்து 2003இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு 12 வயது.

அங்கே பிள்ளைகள் விளையாடியது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையில் பிடித்து ஓடலாம், ஆனால் 15 மீற்றருக்கு ஒரு தரமாவது நிலத்தில் தட்ட வேண்டும். (முட்டைப் பந்து நேராகத் திரும்பி வருமா? அதுதான் பழக்கம்.) எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கை முட்டியால் குத்திக் கொடுக்க வேண்டும். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி.

மஜாக் டோ இதை ஊர்க் கழகத்தில் பழகினார். 2009 இறுதியில் நோர்த் மெல்பேர்ன் கழகம் அவரைத் தெரிவு செய்தது. ஆனால் முதல் அணியில் ஆட 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், 2011இல், ஒரு கீழ்நிலைப் போட்டியில் பார்வையாளர் பக்கமிருந்து நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். அவர் விளையாட்டை விடவில்லை. 2013இல் முதல் போட்டியில், முதல் உதையிலேயே கோல் போட்டார். தேசிய லீக்கில் ஆடிய, சூடானில் பிறந்த முதல் வீரர் அவர்தான்.

2018 டிசம்பரில் மனம் உடைந்திருந்த காலத்தில் இடுப்பில் கடும் காயம் ஏற்பட்டது. சிகிச்சை பெற்று 2020இல் மீண்டும் ஆடினார். தன் மனநிலை பற்றிப் பிறகு வெளிப்படையாகப் பேசினார். கோல்களை விட இதையே நாம் பெரிதாக நினைக்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது நாட்கணக்கில் பேசாமல், சாப்பிடாமல், உறங்காமல் இருந்தால் "சும்மா விடு, சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். மனநல உதவி வேண்டும் என்று அங்கே கேளுங்கள்.

வீட்டில் பேச:
உங்கள் பிள்ளை புத்தளத்தில் யாரோடு விளையாடியது? இங்கே யாரோடு விளையாடுகிறது?
பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பின்னேரத்தில் எங்கே கூடுகிறார்கள்? உங்கள் பிள்ளையை அங்கே முதல் நாள் யார் கூட்டிப் போவது?