தூணில் விளைந்த மக்காச்சோளம்

எட்டாம் வகுப்பு ஓவியப் பாடவேளையில், "தூணின் உச்சிக்கு ஒரு செடியை வடிவமைத்து வாருங்கள்" என்றேன். மறுநாள் வந்த தாள்களில் பெரும்பாலும் தாமரைதான். ஒரு மாணவி மட்டும் கம்பங்கதிர்களைக் கட்டாக நிறுத்தியிருந்தாள். "தூணுக்கு இது எடுபடாதும்மா, தாமரை வரைந்து வா" என்றேன். மறுபேச்சின்றி வரைந்து வந்தாள்.

பிறகுதான் அமெரிக்காவின் கேபிட்டல் கட்டடத்தைப் பற்றிப் படித்தேன். கொரிந்தியத் தூண்களின் தலைப்பில் அகாந்தஸ் செடியின் இலைகளைச் செதுக்குவது கிரேக்கர் காலத்து மரபு. வாஷிங்டனில் அந்த நாடாளுமன்றத்தைக் கட்டிய பெஞ்சமின் லாட்ரோப், சில தூண்களில் அகாந்தஸை விட்டுவிட்டுத் தம் நாட்டு வயலில் விளையும் மக்காச்சோளத்தை வைத்தார். 1809-இல் இத்தாலியச் சிற்பி ஜியூசெப்பே ஃபிரான்சோனி அவற்றைச் செதுக்கினார். தூணின் உடல், சோளத்தட்டைகளைச் சேர்த்துக் கட்டியது போலிருக்கும். உச்சியில் மடல் பிரிந்த கதிர்கள், மணிவரிசை தெரிய நிற்கும். கட்டடத்தின் பெரிய வேலைகளைவிட உறுப்பினர்கள் இதையே அதிகம் பாராட்டியதாக லாட்ரோப் ஜெபர்சனுக்கு எழுதினார். 1814-இல் ஆங்கிலேயப் படை வைத்த தீயிலும் இத்தூண்கள் தப்பின. அதன்பின் வேறு தூண்களுக்குப் புகையிலையின் இலையையும் பூவையும் எடுத்துக்கொண்டார்.

நம் கோயில்களில் இது புதிதா என்ன? விஜயநகர, நாயக்கர் காலத் தூண்களில் பொதிகையின் முனை வாழைப்பூவாகத் தொங்குகிறது. கும்பிடப் போகும் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு பாடத்தை மாற்றினேன். வீட்டருகே விளையும் ஒன்றைக் கையோடு கொண்டுவரச் சொன்னேன். முதலில் உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும், எந்த உறுப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ண வேண்டும், பிறகே களிமண். அறிவியல் ஆசிரியரும் உடன் இருந்தால் நல்லது, இலையமைவுப் பாடம் பாதி முடிந்துவிடும். தனித்து நீட்டிய வேப்பங்காம்புகள் காய்ந்ததும் ஒடிந்து விழுந்தன. இரண்டாம் முறை, யாரும் சொல்லாமலே, இலைகளைத் தூணோடு ஒட்டிப் படியவைத்து நுனியை மட்டும் வளைத்தார்கள். கல்லில் இலை ஏன் அப்படி இருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். நான் சொன்னது தவறு என்று அவளிடம் சொல்லி, பழைய தாளைக் கேட்டேன். "அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன் சார்" என்றாள். இரண்டு நாள் கழித்துப் புதிதாக வரைந்து தந்தாள். அதில் ஒரு கதிரின் ஒரு பக்கம் மணியே இல்லை. கேட்டதற்கு, "குருவி தின்னது சார்" என்றாள்.