விடுபட்டுப்போவோமோ என்னும் அச்சம்

பிறரெல்லாம் கண்டும் கேட்டும் மகிழும் ஒன்று தமக்கு மட்டும் கிட்டாது போய்விடுமோ என்று உள்ளம் ஓயாது துடித்தலை இக்கால உளநூலார் ஒரு தனிப் பொருளாகக் கொண்டு ஆராய்வர். 2013-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பிரஸ்பில்ஸ்கி என்பாரும் அவரோடு ஆய்ந்தோரும் இதனை அளத்தற்குப் பத்துக் கூற்றுகள் அமைந்த ஓர் அளவுகோல் வகுத்தனர். இவ்வச்சம் மிக்க மாணவர் விரிவுரை நிகழும்பொழுதே முகநூலை நோக்கும் இயல்பினர் என்பதும் அவ்வாய்வில் வெளிப்பட்டது. நம் வகுப்பறைகளின் பின்வரிசையை அவர் கண்டாரல்லர், காணாமலே அறிந்துவிட்டனர்!

இவ்வச்சம் தானே முளைத்ததன்று, வளர்க்கப்படுவது. சிவகாசி அச்சகங்களில் உருவாகும் நாட்காட்டியை நோக்குக. நாளுக்கு ஒரு தாள். அதனைக் கிழித்த அளவில் அன்றைய செய்தி தீர்ந்தது. கைப்பேசித் திரைக்கோ அடித்தாள் என்பதே இல்லை. பக்கம் முடிந்தது என்று கையை நிறுத்தும் எல்லையை, ஆசா ராஸ்கின் என்பார் 2006-இல் வகுத்த முடிவிலா நகர்த்தல் முறை அழித்தொழித்தது. அவரே பின்னர் அதற்கு வருந்தினர் என்ப. 2016-இல் இன்ஸ்டாகிராம் கொணர்ந்த 'ஸ்டோரி' 24 மணி நேரத்தில் மறைவது. மத்தாப்பு அணையுமுன் காணவேண்டுமென்று குழந்தை ஓடுதல் போல நாமும் ஓடுகின்றோம். அவ்வாண்டிலேயே ஜியோ வந்து இணையத்தின் விலையும் வீழ்ந்தமையால், ஓட்டத்திற்குத் தடையும் இல்லாதாயிற்று.

நிற்க. நம் பகுதியில் இவ்வச்சத்தோடு மற்றோர் அச்சமும் பின்னிக் கிடக்கின்றது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய இடங்களினின்று நம் கல்லூரிக்கு வருவோருட் சிலர்தம் பெற்றோர், பட்டாசு ஆலைகளில் மருந்து செலுத்துவோரும் சரம் பின்னுவோரும் ஆவர். ஆலையினுள் கைப்பேசி கொண்டு செல்லுதலைப் பாதுகாப்பு விதி தடுக்கின்றது. ஆதலின் வேலை நேரத்தில் அவரை அழைத்தல் இயலாது. 'வெடியோசை கேட்டது' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வருமாயின், அம்மாணவர் திரையை நோக்காதிருத்தல் எங்ஙனம்? இதனைத் தீய பழக்கம் என்று இகழ்தல் அறியாமையேயாம். ஆயினும் அந்நேரத்தில் அவருக்குக் கிட்டுவது யாது? ஊரும் நாளும் குறியாத பழைய விபத்தின் படங்களும், ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுக்கும் குரற்பதிவுகளுமே பெரும்பாலும் வருகின்றன.

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் மாண்டோர் முப்பதின்மருக்கு மேற்பட்டோர். மீட்கச் சென்றோரும் பார்க்கச் சென்றோரும் அவருள் இருந்தனர். இன்று அத்தகைய இடத்திற்கு ஓடுவார் கையில் படமெடுக்கும் கருவியும், 'முதலிற் காட்டியவன் யானே' என்னும் வேட்கையும் உடன் செல்கின்றன.

வீட்டாரைப் பற்றிய அச்சத்தையும் வேடிக்கை தவறும் அச்சத்தையும் ஒரே மணியோசையால் கைப்பேசி அறிவித்தலே இடர்க்குக் காரணம் என்பது நம் கருத்து. குறித்த சில எண்களின் அழைப்புக்கு மட்டும் ஒலித்து ஏனைய யாவற்றையும் அடக்கிவைக்கும் அமைப்பு இக்காலக் கருவிகளில் உண்டு. தாய் தந்தையர், அண்டை வீட்டார், ஆலை மேற்பார்வையாளர் ஆகியோர் எண்கள் அதற்குப் போதும். மாலையில் வேலை முடிந்து வெளிவரும் அன்னையார், தம் கைப்பேசியைக் கையிற் கொண்டவுடன் முதலில் அழைப்பது தம்மையே என்பதை அம்மாணவர் நன்கு அறிவர்.